மாமன் மடி

ஒன்பது நாள் விடாமல் பெய்த மழை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்றது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஜெயபிரகாஷ் ஃபோன் பண்ணிவிட்டான்.

"மச்சான், ஊவாஸ் கேன்யன்ல பார்க்கிங் ரிசர்வேஷன் கெடச்சிருச்சுடா. யாரோ கேன்சல் பண்ணிருக்காங்க. பத்து மணிக்கு உன் வீட்டு முன்னாடி நிப்பேன். இந்த மழைக்கு அருவி எப்படிக் கொட்டும்னு நெனச்சுப் பாரு."

நாளை மத்தியானம் குடும்பத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து இந்தியாவுக்கு விமானம் ஏறப்போகிறவன், பெட்டியைக் கட்டாமல் அருவி பார்க்கக் கூப்பிடுகிறான். வேறு நாளாக இருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தவனைத் திட்டுவதற்கு எனக்குக் காரணம் வேண்டியதில்லை. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து அவனைத் திட்டுகிற உரிமை என் கையை விட்டுப் போய்விட்டது. "சரிடா, வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

என் மனைவி வான்மதி வரவில்லை என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். "பிரீத்தி மொகத்தப் பாத்தா நான் அழுதுருவேன். நீங்க போய்ட்டு வாங்க. ஆனா வாயத் தொறந்துராதீங்க. நாமளும் விசாலதான் இருக்கறோம், நமக்கும் ஒரு புள்ள இருக்குது." சொல்லிக்கொண்டே ஒரு துணிப்பையை என் முதுகுப்பைக்குள் வைத்தாள். உள்ளே அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட ஒரு சின்னப் பட்டுப் பாவாடை, சட்டை, மஞ்சள், குங்குமம், சன்னிவேல் கடையில் வாங்கிய ஒரு முழம் மல்லிகைப்பூ. ஜெயபிரகாஷின் மகள் தென்றலுக்குக் காது குத்துக்காக மாமன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய துணி. அந்த மாமன் நான்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஜெயபிரகாஷின் மனைவி பிரீத்தி பொள்ளாச்சிக்காரி. கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. தென்றல் வயிற்றில் இருந்தபோது எங்கள் அப்பார்ட்மெண்டில்தான் வளைகாப்பு வைத்தோம். அன்றைக்கு அண்ணன் முறைக்கு யாராவது தட்டு எடுத்து வைக்க வேண்டுமே என்று எல்லோரும் முழித்தபோது நான் எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணன், வான்மதி அண்ணி, பிறந்த குழந்தைக்கு நான் தாய்மாமன். விளையாட்டாக ஆரம்பித்தது விளையாட்டாக நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். இங்கே மாலில் போய் உட்கார்ந்தால் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து டப் டப்பென்று அஞ்சு நிமிஷத்தில் வேலையை முடித்து அனுப்பிவிடுவார்கள். பிரீத்தி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வயது முடிவதற்குள் குலதெய்வம் கோயிலில் வைத்துத்தான் குத்த வேண்டும், பொள்ளாச்சியில் அவள் பெரியப்பா மகன் மடி கொடுப்பான், துணி மட்டும் சபரிநாதன் அண்ணன், அதாவது நான், எடுத்ததாக இருக்க வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை நடந்தது இது. எங்கள் டைரக்டர் நாலு மேனேஜர்களை ஒரு அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலையை விட்டு எடுக்கப்போகிறவர்களின் பட்டியலைத் திரையில் காட்டினார். என் டீமில் ஒன்பது பேர். அதில் இரண்டு பெயர். இரண்டாவது பெயர் ஜெயபிரகாஷ். யார் போட்டது என்று கேட்டேன். யாரும் போடவில்லை, கடைசி இரண்டு வருஷத்து ரேட்டிங்கை வைத்து மேலே எடுத்தது, மாற்ற முடியாது, இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். ரேட்டிங்.

அந்த ரேட்டிங்கைப் போட்டவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீம்களைக் கலைத்துப் போட்டதில் ஜேபி என்று நான் கூப்பிடுகிற ஜெயபிரகாஷ் எனக்குக் கீழே வந்து சேர்ந்தான். எல்லோரும் கை கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அன்றைக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தமிழன், ஒரே காலேஜ், வாராவாரம் இவன் வீட்டில் அவனும் அவன் வீட்டில் இவனும் சாப்பிடுகிறார்கள், தன் ஆளுக்கு அள்ளிக் கொடுக்கிறான் பார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதனால் என்ன செய்தேன்? என் டீமிலேயே நன்றாக வேலை செய்தவனுக்கு இரண்டு வருஷமும் ஒரு படி குறைத்துப் போட்டேன். அதுவும் மறைத்துச் செய்யவில்லை. அவனைக் காப்பி குடிக்கக் கூட்டிப்போய், "நமக்குள்ளதானடா, அடுத்த வாட்டி பாத்துக்கலாம். இப்ப உனக்குக் குடுத்தா நாலு பேர் பேசுவாங்க" என்று சொன்னேன். அவனும், "அட விட்றா, நீ யாரு நான் யாரு" என்று சிரித்தான். வேறு யாராவது மேனேஜராக இருந்திருந்தால் அவன் பெயர் அந்தத் திரையில் வந்திருக்காது. வேண்டியவன் என்பதாலேயே அவனைக் கவிழ்த்திருக்கிறேன்.

வேலை போவது மட்டும் என்றால்கூட ஒரு வழி உண்டு. இந்த ஊரில் வேலை போகாதவன் யார்? விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அறுபது நாள் தருவார்கள். அதற்குள் வேறு கம்பெனி பிடித்தால் பிழைத்தான். ஜேபி கெட்டிக்காரன், பிடித்துவிடுவான். ஆனால் அந்த அறுபது நாள் இந்த நாட்டுக்குள் இருப்பவனுக்குத்தான். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் உட்கார்ந்திருப்பான். அங்கே இருந்தபடி வேலை போனால் திரும்பி வருவதற்கு அவன் கையில் இருக்கிற விசா செல்லாது. வெளியில் இருக்கிறவனுக்குப் புதிதாக மனுப் போட இப்போது எந்தக் கம்பெனியும் லேசில் முன்வருவதில்லை. வாடகை வீடு, கார், தென்றலின் ப்ரீஸ்கூல், பதினோரு வருஷம் காத்திருக்கிற கிரீன் கார்டு வரிசை, எல்லாம் இங்கே அப்படியே நிற்கும். அவர்கள் மூன்று பேரும் அங்கே நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறாமல் இருந்தால் போதும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது அவன் லீவைக் கேன்சல் செய்வான். ஏன் செய்தான் என்று பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அஞ்சு பேர். அதில் அவனோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன் ஒருவன்தான். அடுத்த அறுபது நாள் எனக்கு.

பத்து மணிக்குச் சொன்னபடி வந்து நின்றான். காரின் பின்சீட்டில் மஞ்சள் ரெயின்கோட்டும் மஞ்சள் பூட்ஸுமாகத் தென்றல் இருந்தாள். "மாமா, ஐ ஹேவ் பூட்ஸ்!" என்று காலைத் தூக்கிக் காட்டினாள். பிரீத்தி, "அண்ணி வரலீங்களாண்ணா?" என்று கேட்டாள். தலைவலி என்று சொன்னேன். அன்றைய முதல் பொய் அது. சின்னதுதான்.

அல்மடேன் தாண்டியதும் குன்றுகளெல்லாம் பச்சை. வருஷத்தில் ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கிற இடம் இது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஊவாஸ் ஏரி நிரம்பி, மதகுக்கு மேலே வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிக் காட்டுக்குள் பிரிகிற சின்ன ரோட்டில் திரும்பினோம். ஸ்வீடன்காரர்கள் கூடி வாழ்கிற ஒரு குட்டி ஊர் வழியில் வரும். நீலமும் மஞ்சளுமாகக் கொடி கட்டியிருப்பார்கள். அங்கேதான் ஃபோனில் சிக்னல் போகும். ஜேபி கையைத் தட்டினான்.

"முடிஞ்சுது. இனி ஒருத்தனும் நம்மளப் புடிக்க முடியாது."

கீழேயிருந்து ஓடையை ஒட்டியே பாதை ஏறுகிறது. மழை நின்றும் மரம் நிற்கவில்லை. ஒவ்வொரு இலையும் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தில் பிரிஞ்சி இலை வாசம் தூக்கலாக வந்தது. பிரியாணி அண்டாவைத் திறந்த மாதிரி இருக்கிறது என்று ஜேபி மூக்கை உறிஞ்சினான். மரப்பாலங்களுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கல்லைப் புரட்டிக்கொண்டு ஓடியது. பாதையின் குறுக்கே ஆரஞ்சு வயிற்றோடு குட்டிக் குட்டிப் பல்லி மாதிரி ஈரப்பிராணிகள் அவசரமே இல்லாமல் நடந்து போயின. அவற்றை மிதித்துவிடாமல் இருக்க எல்லோரும் குனிந்து குனிந்து நடந்தோம். ஒரு விழுந்த மரத்தின் மேல் விரல் நீளத்துக்கு மஞ்சள் நத்தை ஒன்று ஓடில்லாமல் ஊர்ந்தது. தென்றல் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். "இட்ஸ் எல்லோ லைக் மீ."

"தொடக்கூடாது சாமி, கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும்" என்றாள் பிரீத்தி.

இவ்வளவு அமைதியான ஒரு காலையை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் சிரித்தபடி வணக்கம் சொன்னார்கள். மேலே எங்கோ அருவியின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. ஒவ்வொரு வளைவு வரும்போதும் இங்கே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அதற்குள் யாராவது ஏதாவது சொல்வார்கள். பிரீத்தி நடந்துகொண்டே ஊரில் நடக்கிற ஏற்பாட்டையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா இரண்டு கிடா பிடித்துக் கட்டிவிட்டார்களாம். நானூறு பேருக்குப் பத்திரிகை வைத்தாயிற்றாம். பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரும் இருக்கிறதாம்.

"அப்பா கேட்டாருங்கண்ணா, யாரு இந்த சபரிநாதன்னு சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றதுன்னு. எம் பொறந்தவன்னு சொல்லுங்கன்னு சொல்லிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

முதல் அருவி ஒரு கருப்புப் பாறையில் நாலைந்தாகப் பிரிந்து விழுந்தது. அங்கே தென்றல் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். நானும் ஜேபியும் பின்தங்கினோம். அவன் ஒரு குச்சியை உடைத்து ஊன்றிக்கொண்டு நடந்தான்.

"இந்த வாட்டியாச்சும் ரேட்டிங்ல எக்ஸீட்ஸ் போட்ருவியாடா? இல்ல, இன்னும் நாலு பேர் பேசுவாங்களா?" என்று கேட்டுச் சிரித்தான்.

நான் நின்றுவிட்டேன். அவன் இரண்டு அடி முன்னால் போய்த் திரும்பினான்.

"ஜேபி, இந்த ட்ரிப்ப ஒரு மாசம் தள்ளிப் போட முடியாதாடா?"

"என்னது?"

"இல்ல... இப்ப நெலம சரியில்ல. விசா, இமிக்ரேஷன்னு தெனமும் ஒண்ணு சொல்றாங்க."

"எனக்கு விசா ஸ்டாம்ப்பிங் அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குதே." குச்சியை மண்ணில் ஊன்றிவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தான். சிரிப்பு நின்றிருந்தது. "ஏன்டா? ஆபீஸ்ல எதாச்சும் ஓடுதா? உனக்கு எதாச்சும் தெரியுமா?"

இதைவிட நேராக ஒருவன் கேட்க முடியாது. பதில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று காரில் வரும்போதுகூட நினைத்திருந்தேன். என் பையனின் முகம் வந்தது. நமக்கும் ஒரு புள்ள இருக்குது என்று வான்மதி சொன்னது வந்தது.

"சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பொதுவாச் சொன்னேன். நியூஸ் பாக்கறீல்ல."

அவன் இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு மூச்சை விட்டான். "அதானே. தெரிஞ்சா எங்கிட்ட சொல்லாம இருப்பியா நீ?" என்று என் தோளைத் தட்டிவிட்டு நடந்தான். அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மேல் அருவிக்கு ஏறுகிற படிக்கட்டில் பிரீத்தி காத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், "கேளு இவன. ட்ரிப்ப ஒரு மாசம் தள்ளிப் போடணுமாம்" என்று சொல்லிவிட்டான்.

பிரீத்தியின் முகம் சட்டென்று சுருங்கியது. நாளைக்குப் புறப்படப்போகிறவர்களைப் பார்த்துப் போகாதே என்று சொல்லலாமா? அதுவும் குலதெய்வம் கோயிலுக்கு? எங்கே போகிறாய் என்று கேட்பதையே தடங்கல் என்று நினைக்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். படட்டும் என்றுகூட நினைத்தேன். சண்டை வந்தால், சண்டையில் வாய் தவறி உண்மை வந்துவிடும். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மெல்லக் கலங்கியது.

"அண்ணா... நீங்க இல்லாம காது குத்தறமேன்னுதான சொல்றீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஒரு மாசம் தள்ளிப் போட்டா உங்களுக்கு லீவு கெடச்சிருமாங்கண்ணா? நீங்களே வந்து மடி குடுக்கலாம்னு நெனச்சீங்களா? இத ஆறு மாசமா மனசுல வச்சுட்டு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

ஜேபி வாயைப் பிளந்தான். "அட கிறுக்கா, அதுக்காடா? நேராச் சொல்றதுக்கு என்ன? நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன்."

என் தலை தானாக ஆடியது. அது ஆடியதை நான் மறுக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் மேல் அவ்வளவு பிரியமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குக் கீழே நிற்பதைவிட அந்த ஓடையில் விழுந்து போயிருக்கலாம்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு நப்பாசையும் வந்தது. இந்தக் காரணத்துக்காகவே தள்ளிப் போட்டுவிட்டால்? யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. நான் எதையும் வெளியே சொன்னதாக ஆகாது. "முடியும்னா பாருங்களேன்" என்றேன். குரல் எனக்கே பிச்சைக்காரன் குரல் மாதிரி கேட்டது.

பிரீத்தி உண்மையாகவே யோசித்தாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "பத்திரிக வச்சாச்சு. கெடா கட்டியாச்சு. அதவிட, அடுத்த மாசம் பாப்பாவுக்கு மூணு முடிஞ்சிருமே. அப்புறம் அஞ்சு வயசுலதான் குத்தணும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "முடியாதுங்கண்ணா. மனசுல வச்சுக்காதீங்க."

மேல் அருவி நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. போன கோடையில் வந்தபோது பாறையில் ஈரம் மட்டும் இருந்த இடம் அது. இப்போது வெள்ளையாகக் கொட்டியது. எதிரே நின்றவர்கள் முகத்தில் தூறல் அடித்தது. வேறு யாரும் இல்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவர் காதுக்கருகே வந்து பேச வேண்டியிருந்தது. நான் பாவாடையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று முதுகுப்பையைத் திறந்தேன். பிரீத்தி பட்டை விரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"அண்ணா, நீங்க இந்தக் கட்டைல உக்காருங்க. பாப்பா இப்பவே உங்க மடில உக்காரட்டும். மொத மடி உங்களுது. அங்க காது குத்தறப்ப இந்த ஃபோட்டோவ சாமி முன்னால வச்சுக்கறேன்."

"வேண்டாம்மா. அதெல்லாம் கோயில்ல செய்யறது" என்றேன்.

"தண்ணியும் சாமிதானுங்கண்ணா" என்றாள். ஜேபி என் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தி அந்த ஈரக் கட்டையில் உட்கார வைத்தான்.

ரெயின்கோட்டைக் கழற்றி, பேண்ட்டுக்கு மேலேயே பாவாடையைக் கட்டிவிட்டாள். மஞ்சள் பூட்ஸ் பாவாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. மல்லிகைப்பூவைக் குட்டை முடியில் கிளிப்பால் குத்தினாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் கிழக்குப் பார்த்து வைத்தாள். கிழக்கு எது என்று ஜேபி ஃபோனில் பார்த்துச் சொன்னான்.

"டஸ் இட் ஹர்ட்?" என்று தென்றல் என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்கு ஒண்ணும் பண்ணமாட்டாங்க கண்ணு. சும்மா உக்காந்திரு."

"அண்ட் தேர்? வில் யூ ஹோல்ட் மீ?"

"அங்க வேற மாமா இருக்காங்க."

"பட் யூ ஆர் மை மாமா" என்று சொல்லிவிட்டு முதுகை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் அன்றைக்கு இருந்த கனம் புதிதாக இருந்தது. பிரீத்தி குங்குமத்தை எடுத்து எனக்கும் குழந்தைக்கும் வைத்தாள். தூறலில் அது கரைந்து என் மூக்கில் வழிந்தது. "காதத் தொடுங்கண்ணா" என்றாள். தொட்டேன். ஈரமாக, சில்லென்று, பூவிதழ் கனத்தில் இருந்தது. அங்கே ஊசி ஏறப்போகிற நாளில் இவளுடைய அப்பாவின் லேப்டாப் அணைந்துபோய் மூன்று நாள் ஆகியிருக்கும். அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சிரிங்கண்ணா" என்றபடி ஃபோட்டோ எடுத்த பிரீத்தியும் அழுதாள். ஜேபி மட்டும் சிரித்தான். "இவன் ஒருத்தன்டா. ரெண்டு வாரத்துல வந்துருவோம்டா."

சொல்லியிருக்கலாம். அங்கே சிக்னல் இல்லை, கேட்பதற்கு வேறு ஆள் இல்லை, எழுத்தில் எதுவும் இருக்காது. குழந்தை மடியில் இருக்கும்போது வேண்டாம், காருக்குப் போனதும் சொல்கிறேன் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். கீழே இறங்கினோம். மேஜையில் உட்கார்ந்து பிரீத்தி கட்டிக்கொண்டு வந்திருந்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது எப்படிச் சொல்வது? காரில் ஏறினோம். குழந்தை தூங்கட்டும் என்று நினைத்தேன். தூங்கினாள். பாவாடையைக் கழற்ற விடவில்லை, அதோடேயே தூங்கினாள். பிரீத்தியும் அவள் மேல் தலை சாய்த்துக் கண்ணயர்ந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஜேபி பக்கம் திரும்பினேன். ஸ்வீடன் கொடிகளைத் தாண்டினோம். ஏரிக்கரைக்கு வந்ததும் எல்லா ஃபோன்களும் ஒரே நேரத்தில் கூவின.

என் ஃபோனில் டைரக்டர். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிடும்படி எழுதியிருந்தார். இந்த நேரத்தில் காட்டுகிற பொறுப்புக்கு நன்றி என்று முடித்திருந்தார்.

"மணி மூணாச்சா?" என்றான் ஜேபி. ரோட்டைப் பார்த்தபடியே தன் ஃபோனை எடுத்து என் மடியில் போட்டான். "செக்-இன் தெறந்திருக்கும் மச்சான். நான் ஓட்டிட்டிருக்கேன், நீ பண்ணிடு. பாஸ்கோட் நம்ம ஹாஸ்டல் ரூம் நம்பர்தான், ரெண்டு தடவ. பாப்பாவுக்கு ஜன்னலோரம் இருக்குதான்னு பாரு."

இருநூற்றுப் பதினேழு, இருநூற்றுப் பதினேழு. திறந்தது. விமானக் கம்பெனியின் பக்கம் ஏற்கெனவே திறந்து தயாராக இருந்தது. மூன்று பெயர்களும் வரிசையாக வந்தன. வெடிபொருள் எதுவும் எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டது. இல்லை என்று தொட்டேன். தென்றலுக்கு ஜன்னலோரம் இருந்தது. அதையும் தொட்டேன். கடைசியில், உறுதி செய்யவும் என்று ஒரு நீலப் பட்டை வந்து நின்றது.

"ஜேபி" என்றேன்.

"ம்?"

ஏரி வழிந்துகொண்டே இருந்தது. எதிரே ஒரு லாரி தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது. வைப்பர் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தது.

"ஜன்னல் கெடச்சிருச்சு."

"சூப்பர்டா. ஆச்சா?"

"ஆச்சு."

அழுத்தியிருந்தேன். மூன்று பெயருக்கும் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது. பின்சீட்டில் தென்றல் தூக்கத்தில் காலை உதைத்தாள். மஞ்சள் பூட்ஸ் என் சீட்டின் முதுகில் இடித்தது. திரையைக் கீழே தள்ளினேன். அங்கே திரும்பி வருகிற பயணம் இருந்தது. கோயம்புத்தூர், சிங்கப்பூர், சான் ஃபிரான்சிஸ்கோ, அதே மூன்று பெயர்கள், எல்லாம் சாம்பல் நிற எழுத்தில். விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன்.